வாய்ப் புற்றில் ரத்த நுண்குழாய்களை எண்ணினால் கழுத்துக்குப் பரவுவது தெரியுமா?

கேள்வி இது. வாய் நோய்க்கூறியலில் முதுநிலை படிக்கும் ஒருவர், தன் ஆய்வேட்டுக்காக வாய் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் (வாய்ச் சவ்வின் மேற்பரப்புச் செல்களில் தொடங்கும் புற்று) பிளாக்குகளை, அதாவது பாரஃபின் மெழுகில் பதித்துவைத்த கட்டித் திசுவை எடுத்து, குழாய்களின் உட்சுவர் செல்களைக் காட்டும் சிடி34 சாயமேற்றி, ரத்த நுண்குழாய் அடர்த்தியை அளக்கப் போகிறார். கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் பரவியவர்களையும் பரவாதவர்களையும் ஒப்பிடுவது திட்டம். எந்தச் சாயம் நல்லது, எப்படி எண்ண வேண்டும், இந்த எண் பரவலை முன்கூட்டிச் சொல்லுமா என்று கேட்கிறார். நோயாளியின் வீட்டார் இந்தச் சோதனையைப் பற்றி விசாரித்தால் என்ன சொல்வது என்பதும் அவருடைய கேள்வியில் இருக்கிறது.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நுண்குழாய்களை எண்ண முடியும், எண்ணுவதில் அர்த்தமும் உண்டு. கட்டி எந்த அளவுக்குத் தனக்கென ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது என்று அதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் ஒரு தனி நோயாளியின் கழுத்துக்கு நோய் போயிருக்கிறதா என்று முடிவு செய்யும் வலு அந்த எண்ணுக்குக் கிடையாது. வாயைப் பொறுத்தவரை அதற்குத் தனியான காரணங்களும் இருக்கின்றன.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் எல்லையும் புரியும். 1971இல் பாஸ்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன், புதிய ரத்தக் குழாய்கள் கிடைக்காவிட்டால் ஒரு கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது என்று எழுதினார். காரணம் எளிமையானது. நுண்குழாயிலிருந்து கசிந்து வரும் ஆக்சிஜன் ஏறக்குறைய 100 முதல் 200 மைக்ரான் தூரம்தான் போய்ச் சேரும். அதற்கு அப்பால் இருக்கும் செல்கள் மூச்சுத் திணறும். அப்படித் திணறும் செல்லில் ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதம் சிதையாமல் தங்கி, விஇஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகளை உற்பத்தி செய்யச் சொல்லும். அவை பக்கத்திலுள்ள குழாய்களின் உட்சுவர் செல்களைத் தட்டி எழுப்பி, கட்டியை நோக்கிக் கிளைவிட வைக்கும். இந்த விஇஜிஎஃப் இரண்டு முறை கண்டுபிடிக்கப்பட்டது. 1983இல் குழாயைக் கசிய வைக்கும் பொருளாக ஹெரால்ட் டுவோராக்கின் ஆய்வுக்கூடம் அதை அடையாளம் கண்டது. 1989இல் குழாயை வளர வைக்கும் பொருளாக நெப்போலியன் ஃபெராரா குழு அதைப் பிரித்தெடுத்தது. பிறகுதான் இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. கசிவும் வளர்ச்சியும் ஒரே மூலக்கூறின் வேலை என்பதால், கட்டிக்குள் முளைக்கும் குழாய்கள் சீராக இருப்பதில்லை. கோணல்மாணலாக ஓடும், சில இடங்களில் முட்டி நின்றுவிடும். குழாயை வெளியே அணைத்துத் தாங்க வேண்டிய பெரிசைட் என்ற செல்கள் தளர்ந்திருக்கும், அடித்தளச் சவ்வில் இடைவெளி விழுந்திருக்கும். புற்றுச் செல் உள்ளே நுழைய அது வசதியான வாசல்.

சரி, அப்படியென்றால் குழாய் அதிகமாக அதிகமாகப் பரவலும் அதிகமாக வேண்டும் அல்லவா? இதைச் சோதித்துப் பார்த்தவர் நோயல் வைட்னர். 1991இல் ஃபோக்மனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட மார்பகப் புற்றுநோய் ஆய்வுதான் இன்று வரை எல்லா நுண்குழாய் எண்ணிக்கைக்கும் தாய். 49 நோயாளிகளின் கட்டிகளில், உட்சுவர் செல்களில் இருக்கும் ஃபேக்டர் 8 சார்ந்த ஆன்டிஜென் என்ற புரதத்துக்குச் சாயமேற்றி, குழாய்கள் மிக நெருக்கமாக இருக்கும் இடத்தைத் தேடி, 200 மடங்கு பெரிதாக்கிய ஒரே புலத்தில் (நுண்ணோக்கியில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டத்தில்) எண்ணினார்கள். நோய் பரவியவர்களுக்குச் சராசரி 101, பரவாதவர்களுக்கு 45. இந்த இரண்டு எண்களைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அவற்றின் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் திட்ட விலக்கத்தையும், அதாவது எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவையும் பாருங்கள்: முதல் குழுவுக்கு 49, இரண்டாவது குழுவுக்கு 21. அதாவது 60 என்று எண்ணிக்கை வந்த ஒரு பெண்மணி எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்று சொல்ல முடியாது. குழுக்களுக்கு இடையே வித்தியாசம் இருப்பது வேறு, தனி ஆளைப் பற்றிச் சொல்ல முடிவது வேறு. உங்கள் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுதும்போது இந்த ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி வாய்க்கு வருவோம். 2022இல் உலகம் முழுவதும் உதடு, வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் ஏறக்குறைய 3.9 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் இந்தியாவில் மட்டும் 1.4 லட்சத்துக்கு மேல். புகையிலையும் பாக்கும் அடக்கிவைக்கும் கன்னத்து உட்புறம், ஈறோடு கன்னம் சேரும் பள்ளம், நாக்கின் ஓரம் ஆகியவைதான் நம் மருத்துவமனைகளில் அடிக்கடி பார்க்கும் இடங்கள். இந்த நோயில் ஒருவருடைய ஆயுளைத் தீர்மானிப்பதில் கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்கு முதன்மையான பங்கு இருக்கிறது. முடிச்சில் நோய் இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்பது பாடப்புத்தகம் சொல்லும் கணக்கு. சிக்கல் என்னவென்றால், கையால் தொட்டுப் பார்த்தும் ஸ்கேன் எடுத்தும் கழுத்து சுத்தமாக இருக்கிறது என்று நினைக்கும் ஆரம்பநிலை நோயாளிகளிலேயே 20 முதல் 30 சதவீதம் பேருக்கு முடிச்சுக்குள் நோய் ஒளிந்திருக்கும்.

இந்த ஒளிந்திருக்கும் நோயை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற தவிப்பில்தான் நுண்குழாய் அடர்த்தி உட்பட எத்தனையோ குறியீடுகளைத் தேடினார்கள். இதற்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனை வேறு வழியில் ஒரு பதில் கொடுத்தது. அங்கே அனில் டி'குரூஸ் தலைமையில் நடந்த சோதனையின் முடிவு 2015இல் வந்தது. ஆரம்பநிலை வாய்ப் புற்றுக்கு அறுவை செய்யும்போதே கழுத்து முடிச்சுகளையும் எடுத்துவிட்டால் மூன்றாண்டு உயிர்வாழ்வு 80 சதவீதம். காத்திருந்து, கழுத்தில் தெரிந்த பிறகு எடுத்தால் 67.5 சதவீதம். இந்த வித்தியாசத்துக்குப் பிறகு, ஒரு நோயாளியிடம் "உங்கள் கட்டியில் நுண்குழாய் குறைவு, கழுத்தை விட்டுவிடலாம்" என்று சொல்ல வேண்டுமானால் அந்த எண்ணுக்கு மிகப் பெரிய நம்பகத்தன்மை வேண்டும். அது இன்னும் வரவில்லை.

அடுத்தது சாயம். சிடி34, சிடி31, ஃபேக்டர் 8 மூன்றும் உட்சுவர் செல் எதுவாக இருந்தாலும் பிடிக்கும் சாயங்கள். சிடி34 நன்றாக ஏறும், பழைய பிளாக்கிலும் ஏமாற்றாது. ஆனால் தசை, கொழுப்பு, நார்த்திசு ஆகியவற்றுக்குள் பிறவியிலிருந்தே இருக்கும் பழைய குழாய்களையும் அதே பழுப்பில் காட்டும், கட்டியைத் தாங்கும் இணைப்புத் திசுவான ஸ்ட்ரோமாவின் சில செல்களும் சாயம் ஏற்கும். சிடி31 உட்சுவர் செல்லுக்கு நெருக்கமானது என்றாலும் மேக்ரோஃபேஜ், பிளாஸ்மா செல், தட்டணுக்களையும் பிடிப்பதால், அழற்சி நிறைந்த வாய்த் திசுவில் கவனம் தேவை. ஃபேக்டர் 8 பெரிய குழாய்களில் அருமையாக ஏறும், புதிதாக முளைத்த நுண்குழாய்களில் பல நேரம் மங்கலாகவே இருக்கும். சிடி105 என்கிற எண்டோகிளின் வேறு வகை. அது டிஜிஎஃப் பீட்டா ஏற்பியின் ஒரு துணைப் பகுதி, பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் உட்சுவர் செல்களில் அதிகமாகவும் ஓய்ந்திருக்கும் குழாய்களில் மிகக் குறைவாகவும் இருக்கும். நீங்கள் அளக்க விரும்புவது புதிய வளர்ச்சியை என்றால், சிடி105தான் கேள்விக்கு நேரான சாயம். சிடி34 மொத்தக் குழாய்களின் கணக்கைத்தான் தரும். என் கருத்தில் இரண்டையும் அடுத்தடுத்த வெட்டுகளில் போட்டுப் பார்ப்பதே நியாயமான திட்டம். ஒன்றுக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது என்றால் சிடி105 எடுங்கள். முன்கூட்டியே இரண்டு மூன்று பிளாக்கில் போட்டு, உங்கள் ஆய்வுக்கூடத்தின் ஆன்டிஜென் மீட்பு முறைக்கு (சாயம் பிடிக்கும்படி திசுவைத் தயார் செய்யும் முறை) நீங்கள் வாங்கும் ஆன்டிபாடியின் குளோன், அதாவது அதன் வகை, ஒத்துவருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சில குளோன்கள் பாரஃபின் பிளாக்கில் படுத்தும்.

எண்ணும் முறை வைட்னர் வகுத்ததுதான், சின்னச் சின்ன மாற்றங்களோடு. முதலில் 40 அல்லது 100 மடங்கில் ஸ்லைடு முழுவதும் ஓட்டிப் பார்த்து, குழாய்கள் மிக நெருக்கமாகத் தெரியும் சூடான இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு 200 அல்லது 400 மடங்கில் அந்த இடங்களில் எண்ண வேண்டும். பழுப்பு ஏறிய எந்த உட்சுவர் செல்லும், அல்லது செல் கொத்தும், பக்கத்துக் குழாயிலிருந்து தெளிவாகப் பிரிந்திருந்தால் ஒரு குழாய் என்று கணக்கு. உள்ளே துவாரம் தெரிய வேண்டிய அவசியமில்லை, சிவப்பணு இருக்க வேண்டியதுமில்லை. தடித்த தசைச்சுவர் உள்ள குழாய்களை விட்டுவிட வேண்டும். பல ஆய்வாளர்கள் எட்டுச் சிவப்பணுக்களின் அகலத்துக்கு மேல் துவாரம் உள்ளவற்றையும் ஒதுக்குகிறார்கள். இந்த விதிகளில் எதைக் கடைப்பிடித்தீர்கள் என்று எழுதாமல் "நுண்குழாய்கள் எண்ணப்பட்டன" என்று ஒரே வரியில் முடித்துவிடும் கட்டுரைகளை ஒப்பிடவே முடியாது.

இன்னும் பெரிய பிழை ஒன்று இருக்கிறது, யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. "400 மடங்கில் ஒரு புலத்துக்கு இத்தனை" என்று முடிவு எழுதுகிறோம். அந்தப் புலத்தின் பரப்பளவு நுண்ணோக்கிக்கு நுண்ணோக்கி மாறும். கண்ணருகு லென்ஸின் புல எண் 18 என்றால், 40 மடங்கு பொருளருகு லென்ஸில் தெரியும் வட்டத்தின் விட்டம் 0.45 மி.மீ., பரப்பு 0.159 சதுர மி.மீ. புல எண் 22 என்றால் விட்டம் 0.55 மி.மீ., பரப்பு 0.238 சதுர மி.மீ. ஒரே ஸ்லைடை, ஒரே இடத்தை, இரண்டு நுண்ணோக்கியில் பார்த்தால் ஒருவர் 20 என்றும் இன்னொருவர் 30 என்றும் எழுதுவார்கள், இருவரும் சரியாக எண்ணியிருந்தாலும். வாய்ப் புற்றில் வெளிவந்த சராசரிகள் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புல எண் கண்ணருகு லென்ஸின் விளிம்பிலேயே பொறித்திருக்கும். அதைப் படித்து, பொருளருகு லென்ஸின் மடங்கால் வகுத்து விட்டத்தைக் கண்டுபிடித்து, சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை என்று மாற்றி எழுதுங்கள்.

எண்ணுவதில் ஆளுக்கு ஆள் வரும் வித்தியாசத்தைக் குறைக்க சாக்லி முறை உதவும். 25 புள்ளிகள் போட்ட ஒரு கண்ணாடித் தட்டைக் கண்ணருகு லென்ஸில் வைத்து, அதிகப் புள்ளிகள் குழாய்மேல் விழும்படி திருப்பி, விழுந்த புள்ளிகளை மட்டும் எண்ணுவது. இது ஒரு குழாயா இரண்டு குழாயா என்ற சண்டையே வராது. குழாய்கள் எத்தனை என்பதைவிட அவை அடைத்திருக்கும் பரப்பைத்தான் இது காட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்லைடு ஸ்கேனர் இருக்கும் இடங்களில் இமேஜ்-ஜே, க்யூபாத் போன்ற இலவச மென்பொருள்கள் எண்ணிக்கொடுக்கும். ஆனால் எந்த இடத்தை எண்ணச் சொல்கிறோம் என்ற முடிவு அப்போதும் மனிதரிடம்தான். இருவர் தனித்தனியே, யாருக்கு முடிச்சில் நோய் இருந்தது என்று தெரியாமல் எண்ணி, இருவருக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவையும் கொடுங்கள்.

வாய்க்கென்று தனியான காரணங்கள் உண்டு என்று முன்பு சொன்னேன் அல்லவா, அந்தப் பொறிகளை விரிவாகப் பார்க்க வேண்டும். உங்கள் ஆய்வு நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

வாய்ப் புற்று பெரும்பாலும் புண்ணாகத்தான் வருகிறது. பல் உரசும், உணவு படும், கிருமிகள் குடியிருக்கும். புண்ணின் தரையில் ஆறுவதற்காக உருவாகும் கிரானுலேஷன் திசு முழுக்க முழுக்கப் புதிய நுண்குழாய்கள்தான். சூடான இடம் தேடி ஸ்லைடை ஓட்டினால் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான். அதை எண்ணினால் புண்ணின் வயதை எண்ணியதாகும், புற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. சிடி105கூட இங்கே காப்பாற்றாது, ஏனென்றால் ஆறும் திசுவிலும் உட்சுவர் செல்கள் பெருகிக்கொண்டுதான் இருக்கும். நாக்கில் வேறு தொல்லை. நாக்கு முழுவதும் எலும்புத்தசை, ஒவ்வொரு தசைநாருக்கும் பக்கத்தில் நுண்குழாய் உண்டு. சிடி34 போட்டால் கட்டி இல்லாத இடத்திலேயே நாக்குத் தசை பழுப்புப் புள்ளிகளாக நிறைந்திருக்கும். கட்டி தசைக்குள் ஊடுருவும் விளிம்பில் எண்ணினால் எது பழையது எது புதியது என்று பிரிக்க முடியாது. ஆகையால் நாக்குக் கட்டியையும் ஈறில் வரும் கட்டியையும் கன்னத்துக் கட்டியையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுக்காதீர்கள். முப்பது நாற்பது பிளாக்குகள் உள்ள ஆய்வில் முடிச்சு பரவிய குழுவில் நாக்கு அதிகமாக விழுந்துவிட்டால், நீங்கள் காணும் வித்தியாசம் பரவலால் வந்ததா, நாக்கால் வந்ததா என்று சொல்ல வழியில்லாமல் போகும்.

பாக்கு மெல்லுபவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. பாக்கையே முதல்வகுப்புப் புற்றுக் காரணி என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வகைப்படுத்தியது. பாக்கினால் வரும் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸில் சவ்வுக்கு அடியில் கொலாஜன் இறுகி, வாய் திறப்பதே கஷ்டமாகிவிடும். எர்ணாகுளம் மாவட்டத்தில் 66 நோயாளிகளை 17 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1985இல் வெளியான ஆய்வில் 7.6 சதவீதம் பேருக்குப் புற்று வந்திருந்தது. நோய் முற்றிய நிலையில் அந்த இறுகிய கொலாஜனுக்கு நடுவே குழாய்கள் நசுங்கிக் கிடப்பதைப் பல ஸ்லைடுகளில் பார்க்கலாம். அப்படிப்பட்ட ஒருவரின் கட்டியையும் புகையிலை மட்டும் போடும் ஒருவரின் கட்டியையும் ஒப்பிடும்போது, பின்னணித் திசுவே வேறு வேறு. பழக்க வரலாற்றைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள், ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களைத் தனியாகப் பிரியுங்கள்.

எனவே என் யோசனை: சின்ன பயாப்சித் துணுக்கை விட்டுவிட்டு அறுவையில் எடுத்த முழுக் கட்டியின் பிளாக்கை எடுங்கள். மேலே புண்ணை ஒட்டிய பகுதியையும், செத்த திசுவையும், உமிழ்நீர்ச் சுரப்பியையும் ஒதுக்குங்கள். ஆழத்தில் கட்டி முன்னேறும் விளிம்பிலுள்ள ஸ்ட்ரோமாவில் மட்டும் சூடான இடங்களைத் தேடுங்கள். அதையும் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இவ்வளவு கவனமாக அளந்தாலும் பரவலோடு உறவு வருமா? சில ஆய்வுகளில் வருகிறது, சிலவற்றில் வரவில்லை. சிடி105 பயன்படுத்தியவற்றில் உறவு கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது என்பது என் வாசிப்பு. முரண்பாட்டுக்கு அளவீட்டுப் பிழை மட்டும் காரணமல்ல. உயிரியலிலேயே ஒரு காரணம் இருக்கிறது: வாய்ப் புற்று கழுத்துக்குப் போவது ரத்தக் குழாய் வழியாக அல்ல, நிணநீர்க் குழாய் வழியாக. நாம் ஒரு வழியை எண்ணிவிட்டு இன்னொரு வழியில் போனவர்களைக் கணிக்கப் பார்க்கிறோம். ரத்தக் குழாய்களைத் தூண்டுவது பிரதானமாக விஇஜிஎஃப்-ஏ. நிணநீர்க் குழாய்களைத் தூண்டுவது விஇஜிஎஃப்-சி, விஇஜிஎஃப்-டி இரண்டும், வேறொரு ஏற்பி வழியாக. இரண்டு வேலையும் பல கட்டிகளில் சேர்ந்தே நடப்பதால் ஓரளவு உறவு வரும், ஆனால் அது மறைமுகமான உறவு.

நிணநீர்க் குழாய்களையே எண்ணலாமே என்றால், அதற்கு டி2-40 என்ற ஆன்டிபாடி இருக்கிறது. பொடோபிளானின் என்ற புரதத்தைப் பிடிக்கும். இங்கேயும் வாய் சும்மா விடுவதில்லை. வாய்ச் சவ்வின் அடிவரிசைச் செல்களும், பல வாய்ப் புற்றுகளில் புற்றுத் தீவுகளின் ஓரச் செல்களும் அதே சாயத்தை ஏற்கும். மெல்லிய புற்றுத் தீவு ஒன்று குழாய் மாதிரியே தோன்றும். இருந்தாலும் முடிச்சுப் பரவல்தான் உங்கள் கேள்வி என்றால், டி2-40 இல்லாத திட்டம் பாதித் திட்டம். கட்டிக்குள் நசுங்கிக் கிடக்கும் நிணநீர்க் குழாய்களையும் கட்டியைச் சுற்றித் திறந்திருப்பவற்றையும் தனித்தனியே எண்ணுங்கள். குழாய்க்குள் புற்றுச் செல் தெரிந்தால் அதை உடனே குறித்துவையுங்கள். என் பார்வையில் அந்த ஒரு காட்சிக்கு மொத்தக் குழாய் எண்ணிக்கையைவிட மதிப்பு அதிகம்.

அடுத்த குழப்பம் ஆழம். கட்டி எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்பது முடிச்சுப் பரவலோடு உறுதியாகத் தொடர்புள்ள அளவு. அதனால்தான் புற்றுநோய்க்கான அமெரிக்கக் கூட்டுக்குழுவின் எட்டாம் பதிப்பு நிலைப்பிரிவில் ஆழம் சேர்க்கப்பட்டது. 2 செ.மீ.க்குள் இருக்கும் கட்டியானாலும் ஆழம் 5 மி.மீ.க்கு மேல் போனால் டி1 என்ற கட்டி நிலை அடுத்த நிலையான டி2 ஆகிவிடும். ஆழமான கட்டியில் ஆக்சிஜன் பற்றாக்குறை அதிகம், குழாயும் அதிகமாக முளைக்கும். ஆக, நுண்குழாய் எண்ணிக்கைக்கும் முடிச்சுக்கும் இடையே நீங்கள் காணும் தொடர்பு ஆழத்தின் நிழலாக மட்டுமே இருக்கலாம். ஆழத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் எண்ணிக்கை ஏதாவது புதிதாகச் சொல்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சிறிய ஆய்வேடுகளில் பெரும்பாலும் யாரும் அதைக் கேட்பதில்லை. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் என்ற புள்ளியியல் கணக்கைப் போட்டு, பி மதிப்பு வழக்கமான எல்லையான 0.05க்குக் கீழே வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். குழாய் அதிகம், குறைவு என்று பிரிக்கும் எல்லைக்கோட்டை முடிவைப் பார்த்த பிறகு போடுவதும் அப்படித்தான். எந்த எண்ணில் வெட்டினால் இரண்டு குழுவும் அழகாகப் பிரிகிறதோ அங்கே வெட்டினால், எந்தத் தரவிலும் ஏதாவது ஒன்று பிரியும். இடைநிலை எண்ணில் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) வெட்டுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், அல்லது வெட்டாமல் தொடர் எண்ணாகவே வைத்து ஆராயுங்கள். கட்டிக் குறியீட்டு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று 2005இல் வந்த ரிமார்க் வழிகாட்டி இதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறது. தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

இன்னும் அடிப்படையான ஒரு தடை இருக்கிறது. 2002இல் லின் ஹ்லாட்கி, பிலிப் ஹான்ஃபெல்ட், ஃபோக்மன் மூவரும் எழுதிய கட்டுரையில், நுண்குழாய் அடர்த்தி என்பது ஒரு குழாய் எத்தனை புற்றுச் செல்களுக்குச் சோறு போடுகிறது என்பதன் அளவுதான் என்று விளக்கினார்கள். கட்டியின் ஆக்சிஜன் தேவை குறைவாக இருந்தால் குழாய்கள் தள்ளித் தள்ளி இருந்தாலும் அது வளரும். அடர்த்தி குறைவு என்பதால் அது புதிய குழாய்களை நம்பியில்லை என்று சொல்ல முடியாது. குழாய் இருப்பதும் அதில் ரத்தம் ஓடுவதும்கூட வேறு வேறு: ஒரு கிராமத்தில் எத்தனை வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள் என்று எண்ணினால், எதில் தண்ணீர் வருகிறது என்று தெரியாது. சில கட்டிகள் புதுக் குழாயே வளர்க்காமல் ஏற்கெனவே இருப்பவற்றைச் சுற்றிப் படர்ந்து பிழைத்துக்கொள்ளும். நுரையீரலில் இதை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். நாக்குத் தசை போலக் குழாய் நிறைந்த இடத்தில் அப்படி நடக்க நிறைய வாய்ப்பு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

குழாயைத் தடுத்தால் நோய் நிற்குமா என்று அடுத்து எல்லோரும் கேட்பார்கள். விஇஜிஎஃப்பைத் தடுக்கும் பெவசிஸுமாப் 2004இல் பெருங்குடல் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தலை, கழுத்துப் புற்று திரும்ப வந்தவர்கள் அல்லது பரவியவர்கள் 403 பேரிடம் கீமோதெரபியோடு அதைச் சேர்த்துப் பார்த்த சோதனையின் முடிவு 2019இல் வெளியானது. கட்டி சுருங்கியவர்கள் அதிகம், நோய் மறுபடி முன்னேறவும் சற்று அதிக நாள் ஆனது. ஆனால் மொத்த ஆயுள் 11 மாதத்திலிருந்து 12.6 மாதம் என்ற வித்தியாசம் புள்ளியியல்படி நிற்கவில்லை. கடுமையான ரத்தக்கசிவு 0.5 சதவீதத்திலிருந்து 6.7 சதவீதமானது. கழுத்தில் பெரிய தமனிகளுக்குப் பக்கத்திலேயே கட்டி இருக்கும் நோயில் இது சாதாரண விஷயம் இல்லை. கட்டியில் குழாய் அதிகம் என்று எண்ணி இந்த மருந்தைக் கொடுக்கலாம் என்று தேர்வு செய்ய நம்பகமான வழியும் இன்றைக்கு இல்லை.

ஸ்லைடுக்கு வெளியே குழாய்களைப் பார்க்கும் முறைகளில் ஒன்றைப் பற்றி எனக்கு நல்ல நம்பிக்கை உண்டு. நேரோ பேண்ட் இமேஜிங் என்ற எண்டோஸ்கோப்பி, 415, 540 நானோமீட்டர் அலைநீள ஒளியை மட்டும் பாய்ச்சும். ஹீமோகுளோபின் அதை உறிஞ்சுவதால் சவ்வுக்கடியிலுள்ள நுண்குழாய் வளைவுகள் பழுப்பாகத் தெரியும். வளைவுகள் நீண்டு, முறுக்கி, கடைசியில் உருவமே கெட்டுப்போவதைப் பார்த்து, வாய்க்குள் தோன்றும் வெள்ளைத் திட்டில் எங்கே பயாப்சி எடுப்பது என்று முடிவு செய்ய உதவும். கழுத்துப் பரவலைக் கணிக்க இதைப் பயன்படுத்த முடியாது. ஆனால் நோயை முன்னதாகப் பிடிப்பதே கழுத்தைக் காப்பாற்றும் வழி என்பதால் இதன் பயன் பெரிது.

இனி வீட்டார் கேள்விக்கு. நுண்குழாய் அடர்த்தி, வாய்ப் புற்று அறிக்கையில் கட்டாயம் இருக்க வேண்டிய அம்சங்களில் இல்லை. தனியாகப் பணம் கட்டி அதைச் செய்யச் சொல்லாதீர்கள். அறுவைக்குப் பிறகு வரும் அறிக்கையில் பார்க்க வேண்டியவை வேறு. கட்டியின் ஆழம் எத்தனை மி.மீ., வெட்டிய ஓரங்களில் நோய் இல்லாத இடைவெளி எவ்வளவு, நரம்பைச் சுற்றிப் படர்ந்திருக்கிறதா, குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா, எத்தனை முடிச்சு எடுத்தார்கள், எத்தனையில் நோய், முடிச்சின் உறையைத் தாண்டி வெளியே வந்திருக்கிறதா. கதிர்வீச்சு வேண்டுமா, கீமோவும் சேர வேண்டுமா என்பதெல்லாம் இவற்றை வைத்துத்தான் முடிவாகும். ஏதாவது ஒன்று அறிக்கையில் விட்டுப்போயிருந்தால், மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். பிளாக் ஆய்வுக்கூடத்தில் பத்திரமாக இருக்கும், மறுபடி வெட்டிப் பார்த்துச் சொல்ல முடியும்.

ஆய்வு செய்யும் உங்களுக்கு இன்னும் ஒன்று. முடிச்சு பரவாத குழுவில், கழுத்து முடிச்சுகளை அறுவை செய்து எடுத்து நுண்ணோக்கியில் நோய் இல்லை என்று உறுதியானவர்களை மட்டும் சேருங்கள். கையால் தொட்டுப் பார்த்து "கழுத்தில் ஒன்றுமில்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதியவர்களைச் சேர்த்தால், அவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவர் உண்மையில் முடிச்சுக்குள் நோயோடு இருப்பார். அப்புறம் சாயம், லென்ஸ், மென்பொருள் எதை மாற்றினாலும் அந்தக் குளறுபடியைச் சரிசெய்ய முடியாது. ஒவ்வொரு கட்டிக்கும் ஆழத்தை அளந்து, அதே ஆழ வரம்பில் இருப்பவர்களை இரு குழுவிலும் இணையிணையாகச் சேர்த்தால், குறைந்த எண்ணிக்கையிலேயே மதிப்புள்ள ஒரு பதில் கிடைக்கும். வித்தியாசம் ஒன்றும் வரவில்லை என்றாலும் அதை அப்படியே எழுதி வெளியிடுங்கள். இந்தத் துறையில் அப்படிப்பட்ட கட்டுரைகள்தான் குறைவாக இருக்கின்றன.